பத்து லட்சமும் பழைய பாக்கியும்

ஹைதராபாத்தில் ஏழை நோயாளிக்கு ஒரு குறையும் இல்லை. 2007இல் அன்றைய ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ இலவச சிகிச்சைத் திட்டம் இருக்கிறது. 2023 டிசம்பரில் தெலங்கானாவின் ரேவந்த் ரெட்டி அரசு அதன் உச்சவரம்பை 5 லட்சம் ரூபாயிலிருந்து 10 லட்சமாக்கியது. மருத்துவமனையில் வழிகாட்ட 'ஆரோக்கிய மித்ரா' என்ற உதவியாளர் உண்டு. 2025 செப்டம்பரில் தனியார் மருத்துவமனைகள்தான், பழைய பில்லுக்கே அரசிடமிருந்து பணம் வரவில்லையென்று இத்திட்டச் சேவையை நிறுத்தின. வரம்பை உயர்த்தக் கையெழுத்து போதும். பாக்கியைத் தீர்க்கத்தான் பணம் வேண்டும். நோயாளி அனுபவத்தை ஆராய்பவர்கள் கேள்வித்தாளில் ஒன்று சேர்க்கலாம்: 'நிதி விடுவிக்கப்படும்வரை உங்கள் இதயம் பொறுத்துக்கொண்டதா?' 'ஆம்' என்ற கட்டம் மட்டும் போதும். 'இல்லை' என்பவர் பதில் சொல்ல வரப்போவதில்லை. திருப்தி விகிதமும் நூற்றுக்கு நூறு வரும்.