ஆடிக் காற்றுக்கு ஒரு போன் கால்

வைகாசி கழிந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று கிளம்பும். முப்பந்தல் காற்றாலைகள் புரட்டாசி வரை பம்பரமாய்ச் சுற்றும். தமிழ்நாட்டின் மின்தேவைதான் காற்று கிளம்பும்வரை பொறுப்பதில்லை. 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அக்னி நட்சத்திரம் பிறக்கவே இன்னும் இரண்டு நாள் பாக்கி. ஏசி போட்டவர்கள் ஆடி வரை விசிறியிருக்கலாம்.

சரி, ஆடிதான் வந்துவிட்டதே?

அம்மியே பறக்கும் காற்று. அந்த நேரம் பார்த்து மின்தொகுப்புக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து காற்றாலைக்காரர்களுக்குப் போன்: “கொஞ்சம் நிறுத்துங்க.” நிலக்கரிக் கொதிகலனை நிறுத்தலாமே என்றால், அது என்ன, அடுப்படி கேஸ் ஸ்டவ்வா, நினைத்தபோது திருக? அணைத்தால் மறுபடி சூடேறப் பல மணி நேரம். ஆகவே பாதிச் சுமையிலாவது ஓடியே தீரவேண்டும். கப்பலில் வந்த கரி எரிகிறது. ஓசியில் வந்த காற்று, நின்ற இறக்கைகளைத் தாண்டி வள்ளியூர்ப் பக்கம் போய்விடுகிறது.

சூரிய மின்சாரத்தை நம்பலாமென்றால், சூரியனோ ஆறு மணிக்கு மேல் ஓவர்டைம் பார்ப்பதில்லை. வீடுகளில் லைட், டிவி, மிக்சி எல்லாம் முழிப்பது அப்போதுதான். பகல் மின்சாரத்தைச் சேமிக்கப் பேட்டரி வரும் என்கிறார்கள், வரட்டும்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டும் என்.எல்.சி.யும் சூரியத் தகடுகளைப் பரப்பியிருக்கிறது. சுரங்கத்துக்கு மட்டும் இன்னும் லீவு சாங்ஷன் ஆகவில்லை.