ஆசிரியரின் முடிவே இறுதியானது

எண்பதுகளில் வார இதழ்களுக்கு ஜோக்கும் துணுக்கும் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். சன்மானத்துக்கு அப்போதிருந்த விதிமுறை மொத்தமே மூன்று வரி. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும். திருப்பி வேண்டுமானால் தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறை வைக்க வேண்டும். ஆசிரியரின் முடிவே இறுதியானது. இதில் மூன்றாவதுதான் விதி, முதலிரண்டும் ஒப்புக்கு.

எது தேறும், எது குப்பைக் கூடைக்குப் போகும் என்பது யாருக்கும் தெரியாது. தெரியாததால் எங்கள் தெருவில் நிபுணர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மாமியார் ஜோக் என்றால் நிச்சயம் என்றார் ஒருவர். தீபாவளி மலருக்கு ஆடியிலேயே அனுப்பிவிட வேண்டும், பச்சை மை ஆகாது என்றார் இன்னொருவர். அவர் எழுதியது ஒன்றுகூட அதுவரை அச்சில் வந்திருக்கவில்லை.

பிரசுரமானால் மணியார்டர் வரும். பத்து ரூபாய். தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து கையெழுத்து வாங்குவார், கூப்பனைக் கிழித்துக் கொடுப்பார், பிறகும் எழுந்திருக்க மாட்டார். ஒரு ரூபாய் கொடுத்தால் எழுந்திருப்பார். ஆக, படைப்பாளிக்குத் தொண்ணூறு சதவீதம், கொண்டுவந்து சேர்ப்பவருக்குப் பத்து. இன்றைக்கு யூடியூப் நீள வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் தருகிறது, ஷார்ட்ஸ் எனும் குறு வீடியோ என்றால் 45. அந்தத் தபால்காரர் மீது எனக்கிருந்த மனத்தாங்கலெல்லாம் இப்போது போய்விட்டது.

என் அக்கா மகள் கும்பகோணத்தில் சமையல் வீடியோ போடுகிறாள். "மாமா, நீங்க பேங்க்ல இருந்தவர். இந்த ரூல்ஸைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று போனை நீட்டினாள். நகைக்கடன் பத்திரத்தின் பொடி எழுத்தையே படித்தவன் என்ற தைரியத்தில் உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தைத் திறந்தால் அதற்குள் இன்னொரு பக்கம். அதிலுள்ள நீல எழுத்தைத் தொட்டால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்து விட்டது.

உள்ளே நுழைவதற்கான கணக்கில் குறையே சொல்ல முடியாது. யூடியூபில் விளம்பரப் பணம் வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்கள், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை. 2018 முதல் இதுதான். ஷார்ட்ஸ் வழியாகப் போனால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. வங்கிக்காரனுக்குப் பிடித்த மாதிரி, எல்லாம் எண்ணில். வாசலைத் தாண்டி உள்ளே போன பிறகு என்ன கிடைக்கும் என்று கேட்டால்தான் எண்கள் மறைந்து 'பல்வேறு காரணிகள்' வந்துவிடுகின்றன.

ஊக்கத்தொகைத் திட்டங்களில் இந்தக் காரணிகளின் ஆட்சிதான். 2021-ல் ஷார்ட்ஸுக்கென்று யூடியூப் 10 கோடி டாலர் ஒதுக்கியது. தேர்வானவர்களுக்கு மாதம் 100 முதல் 10,000 டாலர். எத்தனை பார்வை வந்தால் தேர்வு? அது மாதத்துக்கு மாதம் மாறும், பார்ப்பவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் மாறும் என்றார்கள். ஸ்னாப்சாட் 2020 நவம்பரில் தினம் 10 லட்சம் டாலர் பிரித்துக் கொடுக்கத் தொடங்கியது. எப்படிப் பிரிப்பது? தங்களுக்கே உரிய ஒரு சூத்திரப்படி.

டிக்டாக் 2020-ல் அமெரிக்காவில் 20 கோடி டாலர் நிதி அறிவித்தது. இந்தியாவில் அந்த வருஷம் ஜூனிலேயே செயலியைத் தடை செய்துவிட்டதால், அந்த ஏமாற்றத்தில் பங்குபெறும் வாய்ப்பு நம்மவர்களுக்குக் கிட்டவில்லை. ஹாங்க் கிரீன் என்ற அமெரிக்க வீடியோக்காரர் 2022 ஜனவரியில் அந்த நிதியின் உட்கணக்கைப் பிட்டுப் பிட்டு வைத்தார். தொகை ஓர் அளவோடு நிற்கிறது, பங்கு கேட்பவர்கள் மட்டும் பெருகிக்கொண்டே போகிறார்கள். ஒரே அண்டா சாம்பார், பந்திக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறது. செயலி வளர வளர ஒருவருக்கு விழும் கரண்டி சிறுக்கிறது. அவருக்கு ஆயிரம் பார்வைக்குச் சுமார் இரண்டரை சென்ட் வந்ததாம். 2023 டிசம்பரில் அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளில் அந்த நிதியை மூடிவிட்டு, ஒரு நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோக்களுக்கு வேறு திட்டம் வைத்தார்கள். அசல்தன்மை, பார்க்கும் நேரம், தேடுவோருக்குப் பயன், ரசிகர் ஈடுபாடு என்று நான்கைப் பார்ப்பார்களாம். எதற்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்கக் கூடாது.

நிறுவனங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, சொல்லிவிட வேண்டும். விதி முழுசாகத் தெரிந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று அவர்கள் பார்த்திருக்கிறார்கள். பத்து நிமிடம் தாண்டிய வீடியோவின் நடுவே விளம்பரம் செருகலாம் என்று யூடியூபில் ஒரு விதி இருந்தது. உலகம் முழுக்க ரசம் வைக்கப் பத்து நிமிடம் பன்னிரண்டு நொடி ஆயிற்று. 2020 ஜூலையில் அதை எட்டு நிமிடமாகக் குறைத்தார்கள். ரசமும் சீக்கிரம் கொதிக்கத் தொடங்கியது.

ஆனால் சூத்திரத்தை மறைத்து வைப்பது வேறு, பார்வை என்றால் எது என்பதையே இரண்டாக்குவது வேறு. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை. கட்டைவிரல் தவறி நின்றாலும் பார்வைதான். ஆனால் பணத்துக்கு அந்த எண் செல்லாது. நின்று பார்த்தவர்களுக்குத் தனி எண் இருக்கிறது, அதற்குத்தான் காசு. முதல் எண்ணைச் சொந்தக்காரர்களிடம் காட்டிக்கொள்ளலாம். எங்கள் குடும்பத்தில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஏற்கெனவே இரண்டு பேர் கடன் கேட்டாயிற்று.

இதற்கு நடுவில் எனக்கு மனநிறைவு தந்த விஷயம் ஒன்று உண்டு. யூடியூப் பணம் வந்து சேரும் கூகுள் ஆட்சென்ஸ் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும், நீங்கள் சொன்ன விலாசத்தில்தான் இருக்கிறீர்களா என்று சரிபார்க்க ஓர் ஆறு இலக்க எண்ணைத் தபாலில் அனுப்புகிறார்கள். ஆம், காகிதத்தில் அச்சடித்து, தபாலில். அக்கா மகள் வாரக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதம் வந்த அன்று தபால்காரர் நீட்டிவிட்டு உடனே போய்விட்டார். காலம் மாறித்தான் போயிருக்கிறது.

பெயர் வேண்டாம், வேறொரு தளம் அவளுக்குப் போனஸ் அழைப்பு அனுப்பியது. தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள், வாழ்த்துகள் என்று பலூனெல்லாம் பறந்தது. முதல் மாதம் வாழைப்பூ வடைக்கு நல்ல தொகை. அடுத்த மாதம் அதைவிட அதிகம் பேர் பார்த்த பருப்பு உருண்டைக் குழம்புக்கு அதில் கால்வாசி. மூன்றாம் மாதம் திரையில் அந்தப் பொத்தானையே காணோம். மேல்முறையீடு செய்தாள். 'விதிமுறைகளுக்குப் பொருந்தாமல் இருக்கலாம்' என்று நொடியில் பதில் வந்தது. எந்த விதி என்பதில்லை, 'இருக்கலாம்'தான் தீர்ப்பு.

அவளுடைய சக வீடியோக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் காரணம் ஆராய்கிறார்கள். மாலை ஆறு மணிக்குப் போட வேண்டும், ஹாஷ்டேக் மூன்றைத் தாண்டக் கூடாது, போட்டதை அழித்தால் தளத்துக்குக் கோபம் வரும். பச்சை மைக்காரரின் பேரன் யாராவது அந்தக் குழுவில் இருக்கக்கூடும்.

"உங்க காலத்துல ஜோக் திரும்பி வந்தா என்ன மாமா பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"வேற பத்திரிகைக்கு அனுப்புவேன். மேலே, 'இது என் சொந்தக் கற்பனை, வேறெங்கும் வெளிவந்ததில்லை'ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவேன். நம்பிடுவாங்க."

"நானும் அதே உருண்டைக் குழம்பை இன்னொரு தளத்துல போட்டுப் பாத்தேன், மாமா."

"என்ன சொல்றான்?"

"பிறருடைய வீடியோவை எடுத்துப் போட்டிருக்கீங்களாம். கரண்டி பிடிச்சிருக்கறது என் கைதான்னு எப்படி நிரூபிக்கிறது?"