பாட்டர் ஒருவரா, இருவரா?

கொரியப் போர் 1950 ஜூனில் மூண்டு 1953 ஜூலையில் ஓய்ந்தது. அப்போர்க்களத்து ராணுவ மருத்துவமனை ஒன்றைச் சிரிப்பும் கண்ணீருமாகக் காட்டிய ‘மாஷ்’ தொடரோ, அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1972 முதல் 1983 வரை ஓடியது. மூன்றாண்டுப் போருக்குப் பதினோரு சீசன். தொடரின் நலிவுக்கு இதுவே மூலகாரணம் என்பர் (என் மைத்துனர், வாய்மொழி, சாப்பாட்டு வேளை).

நலிவு மூவகைப்படும்.

முதலாவது, நகை தேய்தல். தொடரை உருவாக்கிய லாரி கெல்பார்ட் நான்காம் சீசனோடு விலகினார். நாயகன் ஆலன் ஆல்டா நடிப்போடு எழுத்திலும் இயக்கத்திலும் கைவைக்க, பிரசங்கம் பெருகிற்று. இரண்டாவது, நரை. நாயகனின் தலை நரைத்தது, போருக்கு வயதாகவில்லை. மூன்றாவது, காலக் குழப்பம். இவ்வாய்வின் உயிர்நிலை இதுவே.

மருத்துவமனைத் தலைவர் ஹென்றி பிளேக்கின் விமானம் ஜப்பான் கடல்மேல் சுட்டு வீழ்த்தப்பட்டபின், முகாமின் புதிய தலைவராகக் கர்னல் பாட்டர் வந்திறங்குவது 1952 செப்டம்பரில். இது நான்காம் சீசன் தரும் அகச்சான்று. ஒன்பதாம் சீசனிலோ 1951ஆம் ஆண்டு முழுவதையும் ஒரே அத்தியாயத்தில் காட்டுகிறார்கள். ஆண்டு பிறக்கும் இரவு விருந்திலேயே பாட்டர் நிற்கிறார். வருவதற்கு இருபது மாதம் முன்பே வந்துவிட்டார்!

எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள் என்பது பாமரர் கூற்று. ஔவையாரைப் பலராகப் பிரித்த மரபில் வந்த நமக்கு இது ஒரு சிக்கலா? பாட்டர் இருவர்: முற்பாட்டர், பிற்பாட்டர் (காண்க: அடியேனின் ‘பாட்டரியல்’, அச்சேறாக் கையெழுத்துப் படி, மூன்றாம் நோட்டு, பால் கணக்குக்குப் பின்பக்கம், மறுப்புரை: என் மனைவி, அதே பக்கம், சிவப்பு மை).

பாட்டருக்கும் பின்னால் வந்த டாக்டர் வின்செஸ்டர் அதே 1951இல் பேஸ்பால் பந்தயத்தில் பணம் தோற்கிறாரே எனக் கேட்கலாம். அது இடைச்செருகல். நம் கொள்கைக்கு ஒத்துவராதவை யாவும் இடைச்செருகலே. இம்முறையில்தான் பல டாக்டர் பட்டங்கள் வழங்கப்பட்டுள்ளன.

இறுதி அத்தியாயத்தை அமெரிக்காவில் 10 கோடிப் பேருக்குமேல் பார்த்தார்கள். நலிந்த தொடருக்கு ஏன் இத்தனை கூட்டம்? அன்றாவது கணக்கு நேராகும் என்ற நம்பிக்கையாக இருக்கலாம்.

இவ்வேளையில் ஒரு புதிய சான்று கிடைத்துள்ளது. பாட்டராக நடித்த ஹாரி மார்கன், மூன்றாம் சீசனிலேயே புத்தி பிசகிய ஜெனரலாக அதே முகாமுக்கு வந்து போயிருக்கிறார். முகம் அதே முகம். ஆக, மூவர். இம்மூன்றாமவரை முப்பாட்டர் எனக் கொள்க. பாட்டர்களுக்கும் முப்பாட்டருக்கும் உள்ள உறவு அடுத்த ஆய்வேட்டுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. நெறியாளர் ஓய்வுபெற இன்னும் ஈராண்டு இருக்கிறது.