பிள்ளை மடுவம்

மலையகத்தில் மடுவம் என்ற சொல்லுக்கு வேலை அதிகம். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடம் கொழுந்து மடுவம். மாடு அறுக்கிற இடமும் மடுவந்தான். மலைக்கு ஏறுகிற தாய் கைக்குழந்தையை விட்டுப்போகிற இடம் பிள்ளை மடுவம். பெயர் வைத்தவர்கள் எதையும் ஒளிக்கவில்லை. இரண்டு கையும் கொழுந்துக்கு வேண்டும். கையில் இருக்கும் பிள்ளையை எங்காவது இறக்கிவைக்க வேண்டும்.

இப்போது பலகையை மாற்றிவிட்டார்கள்: சிறுவர் அபிவிருத்தி நிலையம். அதை வாசித்து முடிப்பதற்குள் பிள்ளைகளைப் பார்க்கிற ஆயம்மா நாலு தொட்டிலை ஆட்டிவிடுவார்.

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. ஒரு வயது நிறையாத பிள்ளைக்குப் பால் கொடுக்க, ஒன்பது மணி நேர வேலையில் இரண்டு இடைவேளை. மடுவம் இருந்தால் தலா அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. மேசையில் வைத்துப் பார்த்தால் நியாயந்தான். ஹேவாஹெட்டைப் பக்கம் தோட்டத்தின் மேற்பிரிவான மேற்கணக்கு மலையில் நிற்பவள், கீழே இறங்கி ஏறுவதற்குள் அந்த அரை மணி கரைந்துவிடும். பாலை எப்போது கொடுப்பது? அதைச் சட்டம் தாயின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிட்டது.

மடுவத்தைச் சீராக்கக் கேட்டால், பிரதேச சபையோ தன் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் பணம் செலவழிக்க வழியில்லை என்றது. 2018இல்தான் திருத்தினார்கள். முப்பத்தோரு வருஷம்! மடுவத்தில் கிடந்த பிள்ளை வளர்ந்து, தன் பிள்ளையையும் அங்கேயே கிடத்துகிற காலம். வாக்குக் கேட்டு லயத்து வாசலுக்கு வருவதை மட்டும் எந்தப் பிரிவும் தடுக்கவில்லை.

நிறுப்பதில் குறைவே கிடையாது. கொழுந்தை நிறுப்பார்கள், கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். பிள்ளையையும் நிறுப்பார்கள், குறைந்தால் அட்டையில் ஒரு புள்ளி. 2016 சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் நூற்றுக்கு 31.7 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. நாடு முழுவதற்கும் அது 17.3. கொழுந்தில் இந்தக் குறைவு வந்திருந்தால் கங்காணி முதல் கம்பெனி வரை ஒருத்தருக்கும் நித்திரை வந்திராது. ஹந்தானையில் பழைய தேயிலை இயந்திரங்களுக்கு நாலு மாடிக் கட்டடத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது. இரும்பாய்ப் பிறந்திருந்தால் பராமரிப்பு நிச்சயம்.

தோட்டத்திலிருந்து கண்டித் துணிக்கடைக்கு வேலைக்கு இறங்குகிறவள் கதை இன்னொன்று. மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் பிள்ளை மடுவம் பூட்டிவிடும். அவளுடைய கடை இருட்டினாலும் பூட்டாது. பிள்ளை பத்து வயது அக்காளின் இடுப்பில். மதிப்பீடு, கட்டடம், திறப்பு விழா ஒன்றுமில்லாமல் வருஷம் முழுக்க நடக்கிற ஒரே நிலையம் அந்த இடுப்புத்தான். அக்காளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

சமூகத் தேவைகளைக் கண்டறியக் கூட்டம் வைப்பார்கள். காலை பத்து மணி, குளிரூட்டிய மண்டபம், ரோல்ஸ், பிளேன்டீ. அந்நேரம் தாய்மார் தலையில் கொழுந்தோடு நிறுவைக்கு வரிசையில் நிற்பார்கள். கூட்டக் குறிப்பின் முதல் வரி: ‘சமூகம் சமுகமளிக்கவில்லை.’