மெக்கானிக் முன்னால் மட்டும் சமர்த்து

காலையில் மக்கர் பண்ணுகிற கார், மெக்கானிக் வந்து சாவியைத் தொட்டதுமே சிலிர்த்துக்கொண்டு ஸ்டார்ட் ஆகும், டாக்டரைக் கண்டதும் வயிற்றுவலி மறைந்த பிள்ளையைப் போல. "நல்லாத்தானே சார் இருக்கு?" என்று அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

அப்புறம் ஆளாளுக்கு வைத்தியம். மாடி வீட்டுக்காரர் பேட்டரியை மாற்றச் சொல்வார். மச்சான் ஸ்பார்க் பிளக் என்பார். மாமியார் எலுமிச்சம்பழத்தோடு வருவார். மூன்றில் மலிவு எலுமிச்சைதான். பலன் பெரும்பாலும் ஒன்றே.

எப்போது மக்கர் பண்ணுகிறது என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. ராத்திரி முழுக்க நின்ற பிறகா? பெட்ரோல் லைனில் பிரஷர் இறங்கியிருக்கலாம். சாவியை ஆன் செய்து, பம்ப் முனகி ஓய்ந்த பின் ஸ்டார்ட் செய்தால் குட்டு உடைந்துவிடும். ஓடிச் சூடான பிறகா? கிராங்க் சென்சார் மேல் சந்தேகப்படலாம். சும்மா நிற்கையில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுகிறதா? டெர்மினலில் உப்பு பூத்திருக்கிறதா?

இதற்கெல்லாம் ஒரு மல்ட்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும். பொறுமைக்கு பில் போட முடியாதே! அதனால்தான் முதலில் பேட்டரி மாறுகிறது.