மரை கழன்ற கேள்விகளுக்கு மறுமொழி

கேள்வி (சுரண்டை): மோட்டார் சைக்கிள் பிளக்கை எவ்வளவு இறுக்குவது? மெக்கானிக்கைக் கேட்டால், "கைக்குத் தெரியும்" என்கிறார்.

பதில்: சகலமும் கைக்குத் தெரியும் என்னும் சித்தாந்தத்தில் என் மைத்துனருக்கும் அபார விசுவாசம் உண்டு. ஊறுகாய் ஜாடியின் மூடியை அவர் ஒருமுறை திருகிவிட்டால், மறுபடி அவரே எழுந்தருளும்வரை எங்கள் வீட்டில் தயிர்சாதத்துக்குத் துணை கிடையாது. சென்ற சாரல் காலத்தில் என் வண்டிக்குப் புதுப் பிளக் போட வந்த அம்மகானுபாவர், அது நன்றாக அமர்ந்த பின்னரும் திருப்தியுறாது, ஸ்பேனரின் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் சொருகி அழுத்தியதில், அலுமினிய ஹெட்டின் மரை வெண்ணெய்போல் வழிந்து பிளக்கோடு வெளியே வந்துவிட்டது. லேத் பட்டறையில் புது மரை வைத்த செலவை நானும், அனுபவத்தை அவரும் ஏற்றுக்கொண்டோம்.

விஷயத்துக்கு வருவோம். அலுமினிய ஹெட்டில் அமரும் 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், நூறு சி.சி. வண்டிகள் பலவற்றில் உள்ள 10 மில்லிமீட்டர் பிளக்குக்கோ 10 முதல் 12 தான். ஒரு மீட்டர் நீளக் கோலின் நுனியில் சுரண்டைச் சந்தைத் தக்காளி ஒரு கிலோவைத் தொங்கவிட்டால் ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும் என்றால், குழாய் சொருகுவோரின் பராக்கிரமத்தை என்னென்பது!

டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள், இன்ஜின் ஆறியபின், வாஷர் படியும்வரை விரலாலேயே திருகி, அப்புறம் ஸ்பேனரால் புதுப் பிளக்கானால் அரைச் சுற்றும், பழையதானால் கடிகாரத்தின் சின்ன முள் ஒரு மணி நேரத்தில் நகரும் தூரமும் இறுக்கினால் போதும். மரையில் கிரீஸ் தடவாதீர்கள். நாம் இடும் விசையில் பெரும்பகுதியை, கல்யாணச் செலவில் பந்தல்காரரும் சமையல்காரரும் கொண்டுபோவதுபோல், உராய்வு கொண்டுபோய்விடுகிறது. மணமக்களுக்கு மிஞ்சுவதே பிடிப்பு. உராய்வைக் குறைத்தால் அதே விசை மிகையாக இறுக்கிவிடும்.

கேள்வி (பாவூர்சத்திரம்): முறுக்குவிசைக்கும் முறுக்குக்கும் என்ன வேற்றுமை?

பதில்: முன்னது மரையைக் கெடுக்கும், பின்னது பல்லை.

கேள்வி (இலஞ்சி): குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டதா?

பதில்: என் வீட்டுக் கூடத்தில் ஒன்பது ஈரத்துண்டுகள் உலர்கின்றன.

கேள்வி (ஆலங்குளம்): ஆயில் டிரெயின் போல்ட்டில் எண்ணெய் கசிகிறது. இன்னும் இறுக்கட்டுமா?

பதில்: புது வாஷர் போடுங்கள். மைத்துனரின் விலாசம் தர மாட்டேன்.

கேள்வி (வீரகேரளம்புதூர்): காய்கறி ஏற்றிக்கொண்டு புளியரை வழியாகக் கேரளம் போகும் வண்டி ஓட்டுகிறேன். சக்கரம் மாற்றினால் நட்டுகளை ஸ்பேனர்மேல் ஏறி நின்று இறுக்குகிறேன். சரிதானே?

பதில்: ஐயா, இதில் எனக்கு வேடிக்கை தோன்றவில்லை. போல்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத அளவில் நீண்டு, மீள முயன்று, அம்முயற்சியினாலேயே சக்கரத்தைப் பற்றியிருப்பது. அளவு மீறி இழுத்தால் மீளும் சக்தியை இழந்து, இறுகியதுபோல் தோன்றியவாறே ஒருநாள் மலை வளைவில் அறுந்துபோகும். ஒரு நட்டை இறுக்கியதும் அதன் எதிரிலுள்ளதை, அப்படியே மாறிமாறி முதலில் மிதமாகவும், சக்கரம் தரையில் ஊன்றியபின் வண்டியின் புத்தகம் சொல்லும் அளவுக்கும் இறுக்குங்கள். சுரண்டையில் மாற்றிய சக்கரத்தைப் புனலூரில் தேநீருக்கு நிறுத்தும்போது மறுபடி சோதியுங்கள். தேநீர் ஆறினாலும் பரவாயில்லை.

கேள்வி (சேர்ந்தமரம்): உங்கள் மைத்துனர் இப்பகுதியைப் படிப்பதுண்டா?

பதில்: உண்டு. சென்ற வாரம் கோபித்துக்கொள்ளாமல் என் மூக்குக்கண்ணாடித் திருகாணியைக்கூட இறுக்கித் தந்தார். இவ்வார விடைகளை நான் சொல்லச் சொல்ல, என் பேத்தி எழுதினாள்.