கேமராத் தெரிவியல்: ஒரு நூற்பாவும் அதன் உரையும்

சுமப்போன் தோளும் சொடுக்குவோன் விரலும்
அமைப்புற நோக்கி ஆய்வது கேமரா;
சில்லின் அகலமும் செலுத்திய விலையும்
இல்லிடை வாதம் என்மனார் சென்றோர்.

இந்நூற்பா என்னுதலிற்றோ எனின், அயல்நாடு சுற்றிப் பார்க்கப் போகிறவர் எந்தக் கேமராவை உடன் கொண்டுபோக வேண்டும் என்பதை உணர்த்துதல் நுதலிற்று. யாத்தவர் இக்கட்டுரையாளரே, ஏட்டுச் சுவடிகளில் தேட வேண்டாம். நூலையும் உரையையும் ஒருவரே எழுதிவிட்டால் பாட பேதம் பற்றிய சண்டை இராது என்ற வசதி கருதி இவ்வாறு செய்யப்பட்டது.

இத்துறையில் முன்னோர் செய்த பணி குறைவு. தொல்காப்பியர் பிரிவைப் பற்றி விரிவாகவே பேசுகிறார். ஓதுவதற்குப் போவது, போருக்குப் போவது, தூது போவது, பொருள் தேடப் போவது என்று காரணங்களை அடுக்குகிறார். கடல் கடக்கும்போது பெண்களை உடன் அழைத்துப் போகும் வழக்கம் இல்லை என்று பொருள்கொள்ளத்தக்க ஒரு நூற்பாவும் உண்டு (உரையாசிரியர்கள் இதில் ஒத்துப்போவதில்லை, நாம் நடுவில் புக வேண்டாம்). ஆனால் சுற்றுலாவை அவர் சேர்க்கவில்லை. மாமியார் முதல் பேரன் வரை எல்லோரும் ஒரே பேருந்தில் ஏறிப் போவதால் அதில் பிரிவே நிகழவில்லை, ஆகவே அகத்திணையில் இடமில்லை என்று விட்டிருக்கலாம். இதனால் கேமரா பற்றிய விதி மரபுவழி நமக்கு வந்து சேரவில்லை. அந்த வெற்றிடத்தை இன்று யூடியூப் நிரப்பிக்கொண்டிருக்கிறது.

ஆய்வுக் களம்: சென்னையிலிருந்து கிளம்பி, பாரிஸ், சுவிட்சர்லாந்து, ரோம் என்று மூச்சிரைக்க ஓடித் திரும்பும் குழுச் சுற்றுலா. ஆய்வு மாந்தர்: ஒரு குடும்பத் தலைவர், அவர் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன். கருவிகள்: பீரோவில் துணிகளுக்கு நடுவே உறங்கும் பழைய டிஎஸ்எல்ஆர் (சென்னைக் காற்றின் ஈரத்தில் அதன் லென்ஸுக்குள் பூஞ்சை கோலம் போட ஆரம்பித்திருக்கிறது), ஆளுக்கொரு போன், மகன் வாங்கி ஒருமுறை மட்டும் ஹெல்மெட்டில் மாட்டிப் பார்த்த ஆக்‌ஷன் கேமரா. இவற்றோடு, மச்சினனிடம் இருப்பதாக அறியப்படும் மிரர்லெஸ்.

முதலில் 'இல்லிடை வாதம்' என்பதை விளக்குவோம். பயணத்துக்கு ஒரு மாதம் முன்னரே தலைவர் இரவு சாப்பாட்டுக்குப் பின் சென்சார் (நூற்பாவில் 'சில்') அளவுகளை ஒப்பிடத் தொடங்குகிறார். ஃபுல் ஃபிரேம் என்றால் 36-க்கு 24 மில்லிமீட்டர். அதற்கு அடுத்தது ஏறக்குறைய 23.5-க்கு 15.6. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் தமிழ்நாட்டு ஆண்கள் பலர் தம் நடுவயதைக் கழிக்கிறார்கள். 36-க்கு 24 என்பது ஏதோ பிரபஞ்ச விதி அல்ல. ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக், சினிமாப் படச்சுருளைப் படுக்கவைத்து, இரண்டு சினிமாக் கட்டங்களை ஒன்றாக்கிக்கொண்டார். அந்த அளவு அப்படியே நின்றுவிட்டது. அவர் அதைச் செய்ததன் காரணம்தான் நம் நூற்பாவுக்கு உயிர்நாடி. அவருக்கு ஆஸ்துமா. கண்ணாடித் தகடுகளும் பெரிய பெட்டியுமாக மலையேற மூச்சு ஒத்துழைக்கவில்லை. எனவே சட்டைப்பைக்குள் அடங்கும் ஒன்றைக் கட்டினார். 1925-இல் லைப்சிக் சந்தையில் அது லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று அந்த அளவு சில்லை அடைவதற்காக ஒருவர் ஒன்றே கால் கிலோவுக்கு மேல் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஆல்ப்ஸில் மூச்சு வாங்குகிறார்.

கேமரா வரலாறு முழுவதுமே சுமையைத் தள்ளிவிடும் வரலாறு என்பது இக்கட்டுரையாளர் துணிபு. 1888-இல் ஈஸ்ட்மன் விற்ற கோடாக் பெட்டியில் 100 படம் எடுக்கும் சுருள் அடைத்தே வந்தது. எடுத்து முடித்ததும் பெட்டியையே ராச்செஸ்டருக்கு அனுப்பிவிட வேண்டும். கழுவி, அச்சிட்டு, புதுச் சுருள் மாட்டி அவர்கள் திருப்பி அனுப்புவார்கள். பயணியின் மூளைமேல் இருந்த சுமை தபால்காரர் தோளுக்கு மாறியது. 1975-இல் கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் கட்டிய முதல் டிஜிட்டல் கேமரா மட்டும் இந்தப் போக்குக்கு விலக்கு. ஏறக்குறைய மூன்றரைக் கிலோ எடை. ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி. ஈபிள் கோபுரத்தின் முன் வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கு அது உதவியிராது.

தமிழர்களுள் இப்பொருளில் முன்னோடி என்று சொல்லத்தக்கவர் ஏ.கே.செட்டியார். 1930-களில் டோக்கியோவுக்கும் பிறகு நியூயார்க்குக்கும் போய்ப் புகைப்படக் கலையை முறையாகப் படித்தார். அதன்பின் காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடிக் கண்டம் கண்டமாக அலைந்து, 1940-இல் ஆவணப்படத்தை வெளியிட்டார். அதாவது, கருவியைக் கற்றுக்கொண்டு பிறகு உலகம் சுற்றினார். நம் ஆய்வு மாந்தரோ உலகம் சுற்றக் கிளம்பி, விமான நிலையத்தில் உட்கார்ந்து கருவியைக் கற்கிறார். இதற்கு மேல் ஒப்பிட்டால் மனம் நோகும்.

இனி இரவல். தலைவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. குடும்ப விசேஷம் ஒன்றில் பேச்சுவாக்கில் பயணத்தைச் சொன்னார், அவ்வளவே. "அதுக்கென்ன மாமா, என்னோடதை எடுத்துட்டுப் போங்க" என்றான் மச்சினன். இந்த வாக்கியம் இலவசமாகத் தோன்றும். ஆனால் அன்று மாலையே ஒரு மணி நேர வகுப்பு நடந்தது. சட்டையால் லென்ஸைத் துடைக்கக் கூடாது என்பது மும்முறை சொல்லப்பட்டது. பிறகு வாட்ஸப்பில் கேள்விகள்: "மூடி இருக்கா மாமா?" "மழையில எடுக்கலியே?" பாரிஸில் மழை பெய்வதை அவன் சென்னையிலிருந்தபடியே கண்காணிக்கிறான். சுங்கத் துறையும் இதில் பங்கேற்கிறது. விலையுயர்ந்த கேமராவோடு நாட்டை விட்டுப் போகிறவர், திரும்பும்போது அதை வெளிநாட்டில் வாங்கியதாக எண்ணிவிடாமலிருக்க, கிளம்பும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளலாம். அந்தக் காகிதத்தின்படி பொருள் தலைவருடையது. அக்காவும் தம்பியும் வாழும் உலகத்தில் அக்காகிதம் செல்லாது.

அடுத்து எடை. நம் விமானங்கள் பலவற்றில் கைப்பைக்கு 7 கிலோ. கேமரா உடல், 24–70 லென்ஸ், 70–200 லென்ஸ், சார்ஜர், பை என்று சேர்த்தால் மூன்று கிலோ எளிதில் தாண்டும். லித்தியம் பேட்டரிகளை உதிரியாகப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. கைப்பையில்தான் வர வேண்டும். ஆவக்காய் ஊறுகாய்க்கு விதி நேர்மாறு: கைப்பையில் கூடாது, பெரிய பெட்டியில் போகலாம். இரண்டுக்கும் எல்லை எண் 100 என்பது ஆய்வாளர் கவனத்துக்குரியது. பேட்டரிக்கு 100 வாட்-மணி, ஊறுகாய்க்கு 100 மில்லிலிட்டர். மிரர்லெஸ் பேட்டரி 16 வாட்-மணி அளவில் நின்றுவிடுகிறது. ஊறுகாய் பாட்டில் எந்த வீட்டிலும் நின்றதில்லை.

இந்தக் கட்டத்தில்தான் தலைவி முதன்முறையாக வாய் திறக்கிறார். "எல்லாம் சரிங்க, இதை யாரு தூக்கிக்கிட்டு அலையுறது?" நூற்பாவின் முதல் சீர் 'சுமப்போன்' என்று தொடங்குவது இதனால். சென்சார், மெகாபிக்சல், லென்ஸ் கூர்மை பற்றி ஒரு மாதம் நடந்த ஆராய்ச்சி இந்த ஒரு வரியில் கவிழ்கிறது. இக்கேள்விக்கு மகன் என்று யாரும் விடை சொல்லிவிட வேண்டாம். மகன் முதல் நாள் மட்டும் தூக்குவான்.

'சொடுக்குவோன் விரல்' என்பது இன்னும் நுட்பமானது. ஈபிள் கோபுரம் முழுசாகத் தெரியும் ட்ரொகாடெரோ மேடையில் நிற்கிறோம். மூவரும் படத்தில் இருக்க வேண்டும். வழியே போகிற ஒருவரிடம் மிரர்லெஸ்ஸை நீட்டுகிறோம். அவர் வாங்கி வயிற்றோடு அணைக்கிறார். வியூஃபைண்டர் அருகே இருக்கும் உணரி, யாரோ அதில் கண் வைத்துப் பார்ப்பதாக எண்ணித் திரையை அணைத்துவிடுகிறது. ஃபோகஸுக்குத் தனிப் பொத்தான் வைத்திருப்பது மச்சினனின் அமைப்பு. அது இவருக்குத் தெரியாது. விளைவு: கோபுரம் கூர்மையாக, குடும்பம் மூடுபனியாக. அவரிடமே போனைக் கொடுங்கள். ஐந்து படம் எடுப்பார், கட்டைவிரலை உயர்த்துவார், போவார். உலகத்தில் யார் கையிலும் இயங்கக்கூடிய கேமரா போன் ஒன்றுதான். மற்றவை எல்லாம் அதை வைத்திருப்பவரைப் படத்துக்கு வெளியே நிறுத்துகிறவை.

(ஈபிளின் இரவு விளக்கமைப்புக்குக் காப்புரிமை உண்டு, இரவுப் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி வேண்டும். சொந்தப் படத்துக்குத் தடையில்லை. நம் படங்களை விலைக்குக் கேட்டு யாரும் வராததால் மேலே ஆராயவில்லை.)

லூவர் அருங்காட்சியகத்தில் மோனாலிசா 77-க்கு 53 சென்டிமீட்டர். கூட்டம் அதைப்போல் பல மடங்கு. அங்கே கேமராவைக் கண்ணில் வைத்தால் முன்னால் நிற்பவர் பின்னந்தலைதான் கிடைக்கும். தலைக்கு மேல் உயர்த்தினால்தான் ஓவியம். ஒன்றே கால் கிலோவை ஒரு கையால் உயர்த்தி ஆடாமல் நிற்பது பயில்வான் வேலை. வாடிகனில் சிஸ்டைன் ஆலயத்துக்குள் படமெடுப்பதே கூடாது. எல்லாக் கேமராவும் அங்கே சமம். அதைப் போன்ற சமத்துவம் ஐரோப்பாவில் வேறெங்கும் இக்கட்டுரையாளர் அறியவில்லை.

டிட்லிஸ் பனிமலையில் கதை வேறு. ஷாருக் கான், கஜோல் அட்டை உருவங்களுக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தில் பனி சாம்பல் நிறமாக விழுகிறது. கேமராவின் ஒளிமானி பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை வெள்ளையாக வர வேண்டுமானால் எக்ஸ்போஷரை நாம் ஒன்று ஒன்றரைப் படி கூட்டித் தர வேண்டும். போன் அதைத் தானே செய்துகொள்கிறது. குளிரில் பேட்டரியும் விரைவில் சோர்ந்துபோகும். உதிரியைச் சட்டையின் உள்பையில் உடல் சூட்டோடு வைத்துக்கொள்வது நல்லது. இது நகைச்சுவை அல்ல, உண்மையான யோசனை.

மறுப்பு: அறிவியல் வேறு சொல்கிறதே? 2014-இல் லிண்டா ஹென்கல் என்ற உளவியலாளரின் ஆய்வு வெளிவந்தது. அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படமெடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிட அவற்றைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு பகுதியை ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு அந்த நினைவிழப்பு இல்லை. ஆகவே 70–200 லென்ஸை ஞாபக சக்தி மருந்தாகக் கொள்ளலாமே என்று தலைவர் வாதிடக்கூடும். விடை: அந்த ஆய்வில் யாரும் அதைச் சுமந்துகொண்டு ரோமில் ஒன்பதாவது தேவாலயத்துக்கு நடக்கவில்லை.

இன்னொரு மறுப்பை ஏற்க வேண்டியிருக்கிறது. மசாய் மாராவில் சிங்கம் பார்க்கப் போகிறவருக்கு நீண்ட லென்ஸ் வேண்டும். போனில் சிங்கம் எறும்பாகும். அங்கே ஜீப் சுமக்கிறது. நூற்பா அங்கும் பழுதுபடவில்லை.

கடைசியாக மேற்கோள் ஆட்சி. மனிதர் போன சுற்றுலாக்களிலேயே தொலைவானவற்றுள் ஒன்று 1969 ஜூலையில் நிகழ்ந்தது. நிலவின் தரையில் ஹாசல்பிளாட் கேமரா பெரும்பாலும் ஆம்ஸ்ட்ராங் வசமே இருந்தது. ஆகவே அங்கே முதலில் கால் வைத்த அவரை நல்ல படங்களில் காண்பது அரிது. நாம் பார்த்துப் பழகியதெல்லாம் ஆல்ட்ரின். புகழ்பெற்ற படத்தில் ஆல்ட்ரினின் முகமூடிக் கண்ணாடியில் சின்னதாகத் தெரிகிறாரே, அவர்தான் கேமராக்காரர். நம் குடும்பத் தலைவர்களின் நிலையும் இதுவே. திரும்பும்போது நிலவுக்குப் போனவர்கள் எடையை எப்படிச் சமாளித்தார்கள்? கேமராவை நிலவிலேயே விட்டுவிட்டார்கள். படச்சுருள் இருந்த பெட்டியை மட்டும் கழற்றிக்கொண்டு, 21 கிலோவுக்கு மேல் கல்லும் மண்ணும் ஏற்றி வந்தார்கள். கொள்கையளவில் இம்முறை சிறந்தது. சாக்லேட்டுக்கும் இடம் கிடைக்கும். மச்சினன் கேமராவுக்கு மட்டும் பொருந்தாது.